நீங்க தலைச்சனுங்களா?

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாமளாபுரம் போவேன். என் மகள் அங்கே இருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு மாதம். அவள் பிறந்த அன்றே என் மனைவி பூவாத்தாள் இறந்துபோனதால், பூவாத்தாளின் அக்கா பழனாயி குழந்தையைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர்களுக்கு விசைத்தறி. தறிச் சத்தத்தில் யாரும் அதிகம் பேச வேண்டியிருக்காது. குழந்தையை என் மடியில் வைப்பார்கள். வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு வாங்கிக்கொள்வார்கள்.

1989, சித்திரைக் கடைசி. அந்த ஞாயிறு திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் சாமளாபுரம் வண்டிக்கு நின்றவன், காங்கயம் வண்டியில் ஏறிவிட்டேன். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. படியருகே இடம் இருந்தது. வேறு காரணம் இல்லை.

ஏறிய பிறகுதான் போகுமிடம் நினைவுக்கு வந்தது. கோயமுத்தூரில் சரித்திரம் படித்தபோது எங்கள் பேராசிரியர் நொய்யல் பக்கம் ஒரு மேட்டுக்கு அழைத்துப்போயிருந்தார். நெட்டுக்கல் மேடு என்று பெயர். வட்டமாகக் கற்களை அடுக்கி, நடுவே பலகைக்கற்களால் ஓர் அறை செய்து, செத்தவர்களை உள்ளே வைத்த இடம். இரண்டாயிரம் வருடம் இருக்கும். ஊர்க்காரர்கள் பாண்டியன் குழி என்பார்கள். கல்யாணமான புதிதில் பூவாத்தாளிடம் அங்கே கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன்.

"பொணக்குழியப் பாக்கறதுக்கு பஸ் ஏறிப் போகோணுமாக்கும்? ஏனுங்க, உங்களுக்கு சினிமாக் கொட்டாய்க்கு வழி தெரியாதுங்களா?" என்றாள்.

அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

கைகாட்டியில் இறங்கி நடந்தேன். கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கியிருந்தேன். முதலில் ஓர் இடிந்த சிவன் கோயில். கருவறைக்குள் ஆலமரம் முளைத்துக் கூரையைப் பிளந்திருந்தது. லிங்கத்தைக் காணோம். சுவரில் பாதி எழுத்து மிச்சம் இருந்தது. படித்துப் பார்த்தேன். யாரோ விளக்கெரிக்க ஆடு கொடுத்திருந்தார்கள்.

கோயிலைத் தாண்டியதும் ஆறு. மெரூன் நிறத்தில் ஓடியது. அதற்கு முந்தைய வாரம் எங்கள் பனியன் கம்பெனியில் வெட்டிய துணியின் நிறம். நான் அங்கே கட்டிங் சூப்பர்வைசர். மாசி மாதம் கட்டிங் கத்தி என் இடது கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. எல்லோரும் ஓடி வந்தார்கள். நான் துணியில் ரத்தம் படாமல் கையை நகர்த்தி வைத்துக்கொண்டு நின்றேன். வலித்ததா என்று டாக்டர் கேட்டார். யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த எட்டு மாதமும் அப்படித்தான்.

ஆற்றை விட்டு இட்டேரி பிரிந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டித்தடம். கொஞ்ச தூரத்தில் வேலியோரம் ஒரு கல் சாய்ந்து நின்றது. பேராசிரியர் காட்டிய கல்தான். ஒரு வீரன் இடது கையால் தன் குடுமியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, வலது கையால் கழுத்தில் கத்தியை வைத்திருக்கிறான். தலையைத் தானே அறுத்துத் தேவிக்குக் கொடுத்தவன். முகம் தேய்ந்துவிட்டது. கத்தி தேயவில்லை.

அதற்கடுத்து, வேலியில் வழிவிட்ட கடவில், முள் படலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பெண் செம்மறிகளை வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். முத்தாத்தாள் என்று பிறகு சொன்னாள்.

"ஆருங்க அது? ஓட்டுக் கணக்கெடுக்க வந்தீங்களா?"

"இல்லீங்க. சும்மா நெட்டுக்கல் மேட்டப் பாக்கலாமுன்னு."

"சும்மாவா?" அவள் ஒரு கிடாயின் முதுகில் தட்டினாள். "கேட்டியாடா? கல்லச் சும்மா பாக்க வந்தாராமா. திருப்பூர்ல கல்லே இல்லையாட்ட இருக்குது."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

"போறதுன்னாப் போ கண்ணு. ஆனா அங்க ஆளுக இருக்கறாங்க. ரெண்டு பேரு. வந்து தோண்டிக்கிட்டே கெடக்கறானுக. கோழி, எலுமிச்சங்கா, குங்குமம், அருவா எல்லாங் கொண்டாந்து வெச்சிருக்கறானுக."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னாக் கேக்கறே! பொதையலுக்குத்தான். பாண்டியன் பொன்ன அங்கதான வெச்சுட்டுப் போனான். கோழிக்கெல்லாம் அது வெளிய வராது கண்ணு. தலைச்சன் ஆளக் கேக்கும். எங்கப்பன் காலத்துல ஒரு வளையக்காரன் அந்த வழியா ஒத்தையில போனான். வளையப் பொட்டி மட்டும் ஊர் வந்து சேந்துது."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் நிறைய வெற்றிலை. ஒன்றும் தெரியவில்லை.

"வெசையாப் பாத்துப்போட்டு வந்துரு. மேக்க ஒரு மாதிரி இருக்குது."

மேற்கே கருத்திருந்தது. திருப்பூர் இருக்கும் திசை. சாயப்பட்டறைப் புகை என்று நினைத்தேன்.

நான் எங்கள் வீட்டுத் தலைச்சன். எனக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடவைத் தாண்டி அடுத்த திருப்பத்தில்தான் அது மனதில் வந்தது. படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் தோண்டுகிறவர்கள் நம்பினால் போதுமே என்று தோன்றியது. பிடரியில் ஏதோ ஊர்ந்தது. கையை வைத்துப் பார்த்தேன். எறும்பு இல்லை.

திரும்பியிருக்கலாம். வீட்டில் சாயங்காலம் வரை செய்ய ஒன்றும் இல்லை என்பது நினைவு வந்தது. நடந்தேன்.

இட்டேரி முடிந்து கொறங்காடு தொடங்கியது. ஆடு மேய்கிற புல்காடு. அங்கங்கே வெள்வேல் மரம். நடுவில் நெட்டுக்கல். இரண்டு ஆள் உயரம். அதை ஒட்டி ஒற்றைப் பனை. அதற்குக் கிழக்கே, காடு சற்று மேடாகும் இடத்தில் கல்வட்டங்கள். இரும்பு கல்லில் மோதும் சத்தம் அங்கிருந்து வந்தது. ணங். நிற்கும். ணங்.

ஒரு வேல மரத்தின் பின்னால் நின்று பார்த்தேன். பெரிய வட்டத்தின் நடுவே ஆள் உயரத்துக்குக் குழி. ஓரத்தில் மண் குவியல். மண்ணில் கருப்பும் சிவப்புமாக உடைந்த பானை ஓடுகள். குழிக்குள் பழைய கல்லறையின் வாய் தெரிந்தது. மேல்மூடிக் கல்லைப் பாதி நகர்த்தியிருந்தார்கள். பக்கத்து முள்செடியில் ஒரு சேவலைக் காலில் கயிறு கட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு கல்லின் மேல் எலுமிச்சம் பழம், குங்குமப் பொட்டலம், அரிவாள்.

முத்தாத்தாள் சொன்னதில் ஒன்றும் குறையவில்லை.

பின்னால் ஒரு அடி வைத்தேன். சுள்ளி முறிந்தது.

குழிக்குள் இருந்தவன் நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டான். இளவட்டம், பெரிய உடம்பு. மேலே இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"ஆருங்க? வாங்க வாங்க. ஏன் அங்கியே நின்னுட்டீங்க?"

மரியாதையான குரல். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படித்தான் பேசுவார்கள். போலீஸ்காரனிடமும் பேசுவார்கள், பிச்சைக்காரனிடமும் பேசுவார்கள். அந்த மரியாதையில் இருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று கிட்டே போனேன்.

"சும்மா பாக்க வந்தனுங்க."

"சர்க்காரு ஆளுங்களா?"

"இல்லீங்க. பனியன் கம்பெனி."

இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். சர்க்கார் ஆள் என்றே சொல்லியிருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. "எம் பேரு கிட்டுசாமிங்க. இவன் கன்னையன், அக்கா பையன். ஒக்காருங்க" என்றார் பெரியவர். நான் உட்காரவில்லை.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க." சொல்லியிருக்கக் கூடாது.

"கூட ஆரும் வர்லீங்களா?"

"பின்னால வர்றாங்க."

கிட்டுசாமி நான் வந்த வழியைப் பார்த்தார். காடு காலியாக இருந்தது.

"ஊட்ல சொல்லிப்போட்டு வந்தீங்களா?"

"சொல்லிட்டுத்தானுங்க வந்தேன்."

வீட்டில் யாரும் இல்லை. சாமளாபுரத்தில், இன்றைக்கு வேலை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். கம்பெனியில் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத்தான் தேடுவார்கள். கட்டிங் டேபிளில் வேறு ஆளை நிறுத்துவார்கள். நான் எங்கே போனேன் என்று யாராலும் சொல்ல முடியாது. முத்தாத்தாள் சொல்லலாம். வளையல் பெட்டி மாதிரி இன்னொரு கதை.

அவர் என்னோடு பேசினாரே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று நின்றுவிட்டது. வேல மரத்தில் ஒரு இலை அசையவில்லை. கட்டிப்போட்டிருந்த சேவல் இறக்கையைத் தாழ்த்தித் தரையோடு தரையாக ஒடுங்கிக்கொண்டது. குழிக்குள் பலகைக்கல் உருண்டது போல ஒரு சத்தம். ஆனால் கன்னையன் கல்லைத் தொடவில்லை. அவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தான்.

"கொழந்தை குட்டிங்க?" என்றார் கிட்டுசாமி.

"ஒண்ணு."

"பையனுங்களா?"

"பொம்பளப் புள்ளைங்க."

தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க ஊட்டுக்குத் தலைச்சனுங்களா?"

பொய் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாய் அதற்குள் சொல்லிவிட்டது.

"ஆமாங்க."

மாமனும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா, நாந்தான் அப்பவே சொன்னனில்ல" என்றான் கன்னையன்.

"அட, இப்ப என்ன பண்றது, வந்துட்டாரில்ல." கிட்டுசாமி என் முழங்கையைத் தொட்டார். கை ஜில்லென்று இருந்தது. "சாமி, சொன்னாக் கேளுங்க. குழிக்குள்ள எறங்குங்க."

"எதுக்குங்க?"

"எறங்குங்க சாமி. மேல நிக்க வேண்டாம். தலைச்சன்னா அது உடாதுங்க. அது வந்துட்டுது. மேக்க பாருங்க."

மேற்கே பார்த்தேன். கன்னையன் நின்றுகொண்டிருந்தான். தோளில் கடப்பாரை.

கையை உதறிக்கொண்டு ஓடினேன்.

"உடாதே கன்னையா! புடி அவர!"

இதற்கு முன் எப்போது ஓடினேன் என்று ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரியில்கூட நான் ஓடவில்லை. நர்ஸ் வந்து கூப்பிட்டபோது நடந்துதான் போனேன். இப்போது கால் தானாகப் போனது. வேல முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. ஒரு செருப்பு எங்கோ கழன்றது. முள் பாதத்தில் இறங்கியது. வலித்தது. நன்றாக வலித்தது. பின்னால் கன்னையனின் கால் சத்தம். என்னைவிட வேகமாக ஓடுகிறவன். திரும்பிப் பார்த்தேன். கடப்பாரையை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு வந்தான்.

சாவதைப் பற்றி எட்டு மாதமாக எனக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை. வந்தால் வரட்டும் என்றுகூட நினைத்ததில்லை. அந்தக் காட்டில் என் உடம்பு முழுக்க 'வேண்டாம், வேண்டாம்' என்றது. வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

எதிரே நெட்டுக்கல். அதைத் தாண்டினால் ஓடை, ஓடையில் இறங்கினால் இட்டேரி. அப்போது பின்னால் கிட்டுசாமி கூவுவது கேட்டது.

"அர்ச்சுனா! அர்ச்சுனா!"

மூன்றாவது ஆள் இருக்கிறான். ஓடையில் இருக்கிறான். அவனை எழுப்பி என்னை மடக்கச் சொல்கிறார். அப்படித்தான் புரிந்தது. ஓடைப் பக்கம் போக முடியாது. நெட்டுக்கல்லின் பின்னால் போய் ஒடுங்கினேன். முதுகைக் கல்லில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடைக்கரையைப் பார்த்தேன். அர்ச்சுனன் எந்தப் புதரிலிருந்து வருவான்? அவன் கையில் என்ன இருக்கும்? பனை என் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. அதன் ஓலைகள் சத்தமே போடவில்லை.

காடு முழுக்க வெள்ளையானது. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் எண்ணத் தொடங்குவதற்குள் வானம் கிழிந்தது.

"அர்ச்சுனா! அர்ச்சுனா!" இப்போது கன்னையனும் சேர்ந்து கத்தினான். ஆள் நின்றுவிட்டான். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.

ஆண் குரலில் கேட்டதே இல்லை. அதனால்தான் தெரியவில்லை. இடி இடித்தால் பூவாத்தாள் நெற்றியை என் முதுகில் அழுத்திக்கொண்டு முணுமுணுப்பாள், அர்ச்சுனா, அர்ச்சுனா என்று. அர்ச்சுனன் பேரைச் சொன்னால் இடி விலகிப்போகும். அவள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு முறை, அர்ச்சுனன் இந்நேரம் தூங்கியிருப்பான் என்று கிண்டல் செய்துகொண்டு ஜன்னலருகே போனேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க தலைச்சன். தலைச்சன் இடிக்கு வெளிய நிக்கப்படாது. அது தேடி வந்து எடுக்கும். பேசாம இக்கட்ட வாங்க" என்றாள்.

'அது.' பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள்.

அண்ணாந்து பார்த்தேன். அன்றைக்குக் காலையிலிருந்து முதல் முறையாக வானத்தைச் சரியாகப் பார்த்தேன். மேற்கிலிருந்து பாதி வானம் கருநீலமாக என் மேல் கவிழ்ந்திருந்தது. புகை இல்லை. பொட்டைக் காட்டில் மிக உயரமான கல்லை ஒட்டிக்கொண்டு, மிக உயரமான மரத்துக்கு அடியில், தலைச்சனான நான் நின்றுகொண்டிருந்தேன்.

கன்னையன் பாதி வழியில் கடப்பாரையை ஓங்கித் தரையில் குத்தினான். அது நட்டுக்கொண்டு நின்றது. அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். இடி வந்தால் வாசலில் இரும்பை நட்டு வைப்பார்கள், வருவது அதன் மேல் போகட்டும் என்று. என்னைக் குத்துவதற்கென்று நான் நினைத்த இரும்பை, எனக்குப் பதிலாக நிற்பதற்கு அவன் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான்.

"கல்ல உட்டு வாங்க! அட, வாங்கொ சாமி!"

கால் வரவில்லை. முன்பு தானாக ஓடிய கால். கல்லை விட்டு வெளியே ஒரு அடி வைத்தால் அது என்னைப் பார்த்துவிடும் என்று தோன்றியது. கன்னையன் திட்டினான். என்ன திட்டு என்று எழுத முடியாது. மறுபடி காடு வெளுத்தது. அந்த வெளிச்சத்தில் ஓடினேன். நட்டிருந்த கடப்பாரையைச் சுற்றி விலகி ஓடினேன். கன்னையன் என் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தான். மண் குவியல் மேல் விழுந்து, உருண்டு, குழிக்குள் போனோம். கிட்டுசாமி என் சட்டைக் காலரைப் பிடித்து மூடிக்கல்லுக்கு அடியில் இழுத்தார்.

சத்தம் காதில் கேட்கவில்லை. பல்லில் கேட்டது. தரை ஒரு முறை எழும்பி இறங்கியது. ஏதோ கருகும் வாசனை.

கல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பனையின் தலை எரிந்துகொண்டிருந்தது.

பிறகு மழை வந்தது. சித்திரை மழை, ஒவ்வொரு துளியும் கோலிக்குண்டு அளவு. செத்தவர்களுக்குச் செய்த அறையில் மூன்று பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் ஏதோ மெத்தென்று அசைந்தது. கத்திவிட்டேன்.

"சேவலுங்க, சேவலுங்க" என்றார் கிட்டுசாமி. "அதையும் அவுத்து எடுத்துட்டேன். அதும் உசுருதான?"

கன்னையன் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தான். "ஏனுங்க, ஓட்டம் நல்லா வருதுங்க. கபடி ஆடுவீங்களாட்ட இருக்குது."

"என்னையக் காவு குடுக்கப் போறீங்கன்னு நெனச்சேன்."

"என்னங்க?"

"பொதையலுக்கு. தலைச்சனக் காவு..."

கிட்டுசாமி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கன்னையன் தலையைக் கல்லில் இடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா! கேட்டீங்களா! காவு குடுக்கறதுன்னாக் கொஞ்சமாச்சுஞ் சதை வேணுமுங்க. உங்களக் குடுத்தா, எலும்ப எதுக்குடா குடுத்தீங்கன்னு பாண்டியன் நம்மளக் கோவிச்சுக்குவான்."

"அப்பறம் கோழி, அருவா?"

"கல்லு எடுக்கறமுங்க. இந்தக் காட்ட வித்துட்டாங்க. ப்ளீச்சிங் பட்டறை வருது. அஸ்திவாரத்துக்குப் பலகைக்கல்லு வேணுமுன்னாங்க." கிட்டுசாமி அறையின் உள்பக்கம், இருட்டை, கையால் காட்டினார். "ஊட்டுக்காரங்களக் கேக்காம ஊட்டப் பிரிக்கலாமுங்களா? ஒரு கோழியறுத்துக் கேட்டுப்போட்டு எடுக்கலாமுன்னு இருந்தம். அதுக்குள்ள நீங்க வெள்ளச் சட்டையோட வேல மரத்துக்குப் பொறகால நின்னீங்களா, இவன் பாண்டியனே வந்துட்டானாட்டன்னு கடப்பாரையவே போட்டுட்டான்."

"மாமா, அது எதுக்கு இப்ப?" என்றான் கன்னையன். "மழ வர்றாப்பல இருக்குது, இன்னைக்கு வேண்டாமுன்னு நாந்தான் காத்தாலயே சொன்னேன்."

மறுபடி இடித்தது. இருவரும் அர்ச்சுனன் பேரை முணுமுணுத்தார்கள்.

"எங்கண்ணன் தலைச்சனுங்க" என்றார் கிட்டுசாமி, கொஞ்ச நேரம் கழித்து. "இதே மாதிரி ஒத்தப் பனைக்கு அடியிலதான் நின்னான். எனக்கு அப்ப ஒம்பது வயசு. கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

இன்னும் என் காலரை விடாமல் பிடித்திருந்தார். அது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

என் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. முடிந்துவிட்டது, இனி நின்றுவிடும் என்று காத்திருந்தேன். எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"எங்கிருந்துங்க வந்துது இந்த மழை?"

"மேக்கால இருந்துதான். பல்லடம், திருப்பூரு எல்லாத்தையும் அடிச்சுப்போட்டுத்தான் இங்க வந்திருக்கும்."

பல்லடம். அதற்குப் பக்கத்தில் சாமளாபுரம். இது என் மேல் கவிழ்வதற்கு முன்னால் அங்கே கவிழ்ந்திருக்கிறது. நான் இட்டேரியில் வாழைப்பழம் தின்றுகொண்டு நடந்தபோது. புகை என்று நினைத்தபோது.

எழுந்தேன். தலை கல்லில் மோதியது.

"எங்கீங்க? இன்னும் உடல."

"எம் புள்ளை சாமளாபுரத்துல இருக்குதுங்க. அதும் தலைச்சன்."

கிட்டுசாமி காலரை விட்டார். வெளியே எட்டிப் பார்த்தார். "கெழக்க போகுது. சித்தப் பொறுங்க, தாண்டிரட்டும்" என்றார். அந்தச் சித்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு சிமெண்டுச் சாக்கைக் கொங்காணியாக மடித்து என் தலையில் கவிழ்த்தார். "காட்டுக்குள்ள போகாதீங்க. இட்டேரியிலயே போங்க, பள்ளமா இருக்கும். வெசையாப் போங்க."

ஒற்றைச் செருப்போடு போனேன். தலையை அறுக்கும் வீரன் மழையில் கருப்பாக நின்றான். காவு பயம் இப்போது எனக்கு இல்லை. வேறு பயம் வந்துவிட்டது. அது பெரியது, நிற்காதது.

பஸ்ஸில் ஈரத் துண்டோடு இரண்டு பேர் எனக்கு முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பல்லடத்துக்கு அக்கட்ட ஒரு ஊட்டு மேல உழுந்துதாமா."

"ஆரு ஊடு?"

"தெரியல. தறிக்காரங்க ஊடாம்."

அவர் தோளைப் பிடித்தேன். "எந்த ஊருங்க?"

திரும்பிப் பார்த்தார். சாக்கையும் சேற்றையும் என் காலில் வழிந்த ரத்தத்தையும் பார்த்தார். "அதான் தெரியலீங்களே. காங்கயம் பஸ் ஸ்டாண்டுல பேசிக்கிட்டாங்க" என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

திருப்பூரில் கரண்ட் இல்லை. அடுத்த வண்டியில் நின்றுகொண்டே போனேன். அந்த எட்டு மாதத்தில் மகள் முகத்தை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்? கண்ணை மூடினால் வரவில்லை. மடியில் இருந்த எடை மட்டும் ஞாபகம் வந்தது. எடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாமளாபுரத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தறிச் சத்தம் இல்லை. அந்த ஊரைச் சத்தமில்லாமல் நான் கேட்டதே இல்லை. மின்சாரம் போனால் தறி நிற்கும், அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காதில் ஏறவில்லை. கால் இழுபட, சந்துக்குள் ஓடினேன்.

வீடு இருந்தது. ஓடு ஒன்றும் உடையவில்லை. வாசலில், ஈரத் தரையில், ஒரு கடப்பாரை நட்டு நின்றது.

பழனாயி வெளியே வந்தாள். "ஏனுங்க தம்பி, மத்தியானஞ் சோறு வெச்சுட்டுக் காத்துக்கிட்டே... ஐயோ, இதென்னுங்க கோலம்? எங்க உழுந்தீங்க?"

"பாப்பா?"

"உள்ளதான் இருக்கறா. ரோட்டுக்கு அக்கட்டத் தறிக் கொட்டாய் மேல உழுந்துதுங்க. ஆளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் உசுரே இல்ல. அவ காதுல பஞ்ச வெச்சு மடியில போட்டுக்கிட்டே ஒக்காந்திருந்தேன்."

"குடுங்க" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். நான் கேட்டு வாங்கியதில்லை. உள்ளே போய்த் தூக்கி வந்து கொடுத்தாள். இரண்டு காதிலும் பஞ்சு. என் நனைந்த சட்டை பட்டதும் முகத்தைச் சுளித்து வீறிட்டு அழுதாள். நல்ல உரத்த குரல். என் கை நடுங்குவதால் அவளும் நடுங்கினாள். பழனாயி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

கிழக்கே, வெகுதூரத்தில், ஒரு முறை உறுமியது. நான் வந்த திசை. குழந்தையின் தலையைத் தோளோடு அழுத்திக்கொண்டேன். வாய் தானாக அசைந்தது. பூவாத்தாள் சொன்னது போலவே, அவ்வளவு மெதுவாக.

பழனாயியின் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். "அவ்வளவுதான், தாண்டிப் போயிருச்சு" என்று கடப்பாரையைப் பிடுங்கக் குனிந்தார்.

"வேண்டாமுங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன்.